மாமா ஆடி முடித்த ஆட்டங்கள்

பிப்ரவரி 3

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே ஒரு பெட்டி வந்து சேர்ந்திருக்கும். லிஃப்டில் ஏறுகிறவர்கள் எல்லாரிடமும் 'என் மருமகள் எனக்காகவே செய்த கம்ப்யூட்டர்' என்று இதற்குள் சொல்லியிருப்பீர்கள். அது வெறும் வீடியோ கேம் பெட்டி. டிவியின் பின்னால் ஒரே ஒரு வயரைச் செருகினால் போதும். எலக்ட்ரீஷியன் யாரையாவது கூப்பிட்டுச் செய்துகொள்ளுங்கள். நீங்களே திருப்புளி எடுக்க வேண்டாம்.

விஷயம் இதுதான். எங்கள் கம்பெனி செய்துகொண்டிருக்கும் ஐந்து ஆட்டங்கள் அதில் இருக்கின்றன. இன்னும் கடைக்கு வராதவை. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் ஆடிப் பார்த்து என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுவது என் வேலை. இங்கே இருக்கிற பெரியவர்கள் எல்லாவற்றுக்கும் 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லிவிட்டு, கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு வாய்விட்டுத் திட்டுகிற ஆள் வேண்டும். உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?

போனில் வேண்டாம். போனில் ஒரு தடவை சொன்னதை அடுத்த தடவை நீங்களே மாற்றிவிடுவீர்கள். கையால் எழுதி அனுப்புங்கள்.

நீங்கள் எழுதுவது எனக்குப் பிடிக்கும், மாமா. மூன்று வருஷத்துக்கு முன்னால் அம்மாவின் கடைசி நாளைப் பற்றி எழுதினீர்களே, அந்த நாலு பக்கம் இன்னும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. நான் வராமல் போனேனே என்று மனசு அரிக்கும்போதெல்லாம் அதை எடுத்து, அன்றைக்குக் காலையில் அம்மா உங்களிடம் சொன்னதை மட்டும் படித்துக்கொள்வேன். 'அவ வரவேண்டாம். வேலையைப் பாக்கட்டும். எனக்கு அவமேல ஒரு குறையும் இல்ல.' அந்த மூன்று வரி இல்லாவிட்டால் இந்த மூன்று வருஷத்தை எப்படிக் கழித்திருப்பேனோ தெரியாது.

அதே மாதிரி உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள்
குட்டி


பிப்ரவரி 19

சீமையிலே சீமாட்டியாக இருக்கும் என் அருமை மருமகளுக்கு மாமா எழுதுவது.

நான் இங்கே குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். உன் அத்தையும் அப்படியே, குத்துக்கல்லில் குத்துகிற பாகம் அவள்.

பெட்டி வந்தது. எலக்ட்ரீஷியன் வந்து ஒரு மணி நேரம் வயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நம்ம கைக்கு அடங்காது அண்ணே" என்று எழுந்துவிட்டான். அப்புறம் நான்தான் கண்ணை மூடிக்கொண்டு ஒரே செருகாகச் செருகினேன். டிவி பளிச்சென்று எழுந்து நின்றது. அவன் என் விரலைப் பிடித்துப் பார்த்தான்.

பட்டன் விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இருபத்தாறு வருஷமாக லிஃப்டில் பட்டன் அமுக்குகிறவன். இதுவரை எத்தனை லட்சம் தடவை அமுக்கியிருப்பேன் என்று மூன்றாவது மாடி ஆடிட்டர் ஒருநாள் கணக்குப் போட ஆரம்பித்து, பாதியிலேயே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். எட்டாவது வரைக்கும் படித்தேன். அதற்குமேல் எனக்குச் சொல்லித்தர அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லை.

முதலில் ஒரு பொதுவான குறை. கையில் பிடிக்கிற அந்தக் கருவியில் எதற்கு இத்தனை பட்டன்? ஏழு மாடிக்கு ஏழு, கதவுக்கு இரண்டு, மணிக்கு ஒன்று. பத்தே பட்டனில் நான் ஒரு கட்டடத்தையே நடத்திக்கொண்டிருக்கிறேன். ஒரு தக்காளி பறிக்க உங்களுக்குப் பதினாறு வேண்டியிருக்கிறது.

தக்காளி என்றதும் ஞாபகம், முதல் ஆட்டம் தோட்டம் போடுவது. ஒரு பொட்டல் நிலம், ஒரு வாளி, ஒரு மண்வெட்டி. விதை போட்டுத் தண்ணீர் ஊற்றினால் மூன்று நிமிடத்தில் காய்த்துவிடுகிறது. குட்டி, கடைக்குப் போய்த் தக்காளி வாங்கி வரவே எனக்கு அரை மணி ஆகிறது. பூச்சி இல்லை, புழு இல்லை, எவன் வீட்டு மாடும் வந்து மேயவில்லை. கஷ்டமே இல்லாத இடத்தில் மனுஷன் சாமர்த்தியத்தை எங்கே காட்டுவது? ஆனாலும் நீ கேட்டதற்காக உட்கார்ந்து நூறு கட்டத்தையும் தாண்டினேன். கடைசியில் அந்த ஊரே திரண்டு வந்து எனக்கு மாலை போட்டது. என் தீர்ப்பு: சோம்பேறிகளுக்கு ஏற்றது.

இரண்டாவது, துப்பாக்கி ஆட்டம். திரையின் அடியில் துப்பாக்கி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது; பிடித்திருக்கிற ஆளைக் காணோம். சுடுகிறவன் முகமே தெரியாவிட்டால் எதிரி யாரைப் பார்த்துப் பயப்படுவான்? முதல் நாளே முகாமைக் காலி செய்தேன். இரண்டாம் நாள் என் தலையைக் கண்டதும் அத்தனை பேரும் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கிவிட்டார்கள். பெரிய குறை ஒன்று உண்டு. செத்தவன் பத்து எண்ணுவதற்குள் எழுந்து வருகிறான். ஆட்டமாக இருந்தாலும் சாவுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? இதை நான் சொன்னதாகவே உன் முதலாளியிடம் சொல்லு. காறித் துப்பினார் என்றுகூடப் போட்டுக்கொள்.

உன் அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "வயசு அம்பத்தெட்டு. டிவி முன்னாடி குந்திட்டு வாயாலயே டுப்பு டுப்புன்னு வேற" என்றாள். அவளுக்கு வயிற்றெரிச்சல். ஆறாவது மாடி வக்கீல், "எனக்கும் ரெண்டு நுணுக்கம் சொல்லித் தாங்களேன்" என்று தினமும் என்னோடு இரண்டு சுற்று மேலும் கீழும் வருகிறார்.

அக்காவைப் பற்றி எழுதியிருந்தாய். படித்ததும் கண் நிறைந்துவிட்டது. அன்றைக்கு முழுக்க அவள் கையை என் கையிலிருந்து எடுக்கவே இல்லை. சாயங்காலம் விளக்குப் போடுகிற நேரம். அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னாள். பக்கத்தில் இருந்த நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். ராணி மாதிரி போனாள் உன் அம்மா. அந்த விஷயத்தில் நீ நிம்மதியாக இரு.

இப்படிக்கு,
ஆட்ட மன்னன்,
உன் மாமா


மார்ச் 2

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீஸில் வரிக்கு வரி மொழிபெயர்த்துச் சொன்னேன். 'சாவுக்கு ஒரு மரியாதை' வந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். எங்கள் குழுத் தலைவி லேசில் சிரிக்கமாட்டாள். அவளே உங்கள் பத்துப் பட்டன் பேச்சைப் பலகையில் எழுதிவைத்திருக்கிறாள். மீதி மூன்றையும் சீக்கிரம் எழுதுங்கள்.

இன்னொன்று. தப்பாக நினைக்க வேண்டாம். அம்மா அதைச் சொன்னது காலையில், முகம் துடைத்துவிட்ட பிறகு என்றுதான் பழைய கடிதத்தில் இருக்கிறது. இப்போது சாயங்காலம், விளக்குப் போடும்போது என்கிறீர்கள். நர்ஸ் அப்போது இல்லை, நீங்கள் இருவர் மட்டும்தான் என்றும் அதில் இருக்கிறது. நான் அந்த அறையை மனசுக்குள் கட்டிவைத்திருக்கிறேன், மாமா. ஜன்னல் வெளிச்சம் எந்தப் பக்கம் விழும் என்பதுவரை. அதனால்தான் கேட்கிறேன்.

குட்டி


மார்ச் 16

போலீஸ் வேலைக்குப் போயிருக்க வேண்டிய என் மருமகளுக்கு,

பலகையில் எழுதினார்களா? அப்படியே விட்டுவைக்கச் சொல், துடைக்கிறவர்கள் துடைத்துவிடப் போகிறார்கள். எங்கள் பில்டிங் மேனேஜரிடம் சொன்னேன். "வெளிநாட்டுக் கம்பெனிக்கே ஆலோசனை சொல்றீங்க, இங்க ரெண்டாவது மாடிக் கதவு மூட மாட்டேங்குது, அதைப் பாருங்க" என்றான். பொறாமை பிடித்தவன்.

மூன்றாவது, பந்தாட்டம். பதினோரு பேரையும் நான் ஒருத்தனே ஆட்ட வேண்டும் என்கிறீர்கள். ஒருத்தனைப் பிடித்து ஓட்டினால் மற்ற பத்துப் பேரும் சம்பளம் வாங்காத வேலைக்காரன் மாதிரி நிற்கிறான்கள். சரி, அதைக்கூட மன்னிக்கலாம். பார்க்க வந்த கூட்டத்தை உற்றுப் பார்த்தேன். ஒரே முகத்தை ஐயாயிரம் பேருக்கு ஒட்டிவைத்திருக்கிறீர்கள். நம் பக்கம் கத்துகிற அதே ஆள்தான் எதிர்ப்பக்கமும் உட்கார்ந்து கத்துகிறான். ரெண்டு பக்கமும் கைதட்டுகிறவனை நம்பி எவன் ஆடுவான்? பதினாலுக்குச் சைபரில் ஜெயித்தேன். வேண்டாவெறுப்பாகத்தான் ஜெயித்தேன்.

நாலாவது, அந்தச் சின்னப் பெண் ஆட்டம். மழையில் நனைந்துகொண்டு அப்பாவைத் தேடி ஒரு பெரிய வீட்டுக்குள் போகிறாளே, அது. சுடுவது இல்லை, ஓடுவது இல்லை, கதவுகள் மட்டும்தான். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. கதவைத் திறக்கிறதிலே என்னடா ஆட்டம், அதைத்தான் நான் தினம் செய்கிறேனே என்று. ஆனால் விடவில்லை. பதினோரு கதவையும் திறந்தேன். கடைசிக் கதவுக்குப் பின்னால் ஒரு குறுகின படி. ஏறிப் போனால் மொட்டை மாடியில் ஒரு கண்ணாடி அறை. அதில் அவள் அப்பா ஒரு பழைய கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். திரும்பிப் பார்க்காமலே, "நீ வருவேன்னு தெரியும். நனைஞ்சு வருவேன்னுதான் நினைக்கல" என்று ஒரு துண்டை நீட்டுகிறார். அவ்வளவுதான், ஆட்டம் முடிந்துவிட்டது. எனக்கு ரொம்ப நேரம் எழுந்திருக்கவே தோன்றவில்லை. இந்த ஒரு ஆட்டத்தை மட்டும் மாமா பாராட்டினார் என்று எழுதிக்கொள்.

ஐந்தாவது, கார் ஆட்டம். ஆடினேன். சுமார். எழுத ஒன்றும் இல்லை.

காலையா சாயங்காலமா என்று கேட்டிருந்தாய். காலையிலும் சொன்னாள், சாயங்காலமும் சொன்னாள். முதல் தடவை என்னிடம், இரண்டாம் தடவை எல்லார் முன்னாலும். பெரிய டாக்டரே, "இப்படி ஒரு தாயை நான் பாத்ததில்ல" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போதுமா?

உன் அத்தைக்கு முட்டிவலி. எனக்கு ஒரு வலியும் கிடையாது.

இப்படிக்கு,
ஐந்து ஆட்டம் கண்ட
உன் மாமா


மார்ச் 29

மாமாவுக்கு,

அந்தச் சின்னப் பெண் ஆட்டத்தின் முடிவை ஆபீஸில் படித்துச் சொன்னேன். குழுத் தலைவி என்னைப் பார்த்துக் கேட்டாள்: "இந்த மொட்டை மாடி எங்கே இருக்கிறது?"

மூன்று கதவுகள்தான் இதுவரை செய்திருக்கிறோம், மாமா. நாலாவது கதவுக்குப் பின்னால் வெறும் சாம்பல் நிறம். அப்பா எப்படி இருப்பார் என்று இன்னும் யாரும் வரையவே இல்லை.

நீங்கள் ஆடுவது எல்லாவற்றையும் அந்தப் பெட்டி எங்களுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். எவ்வளவு நேரம், எங்கே நிறுத்தினீர்கள், எல்லாம். சோதனைக்குக் கொடுக்கிற எல்லாப் பெட்டியும் அப்படித்தான். கூட வந்த தாளில் எழுதியிருந்தது. நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள். நானும் உங்களுடையதைத் திறந்து பார்க்கவில்லை. மாமா எழுதுகிறாரே, அதைவிட என்ன வேண்டும் என்று இருந்துவிட்டேன். அன்றைக்குத்தான் திறந்தேன்.

தோட்டம்: பன்னிரண்டு நிமிடம். ஒரு தக்காளி. துப்பாக்கி: ஆறு நிமிடம். எட்டுத் தடவை செத்திருக்கிறீர்கள். பத்து எண்ணுவதற்குள் எழுந்து வந்தது எதிரி இல்லை, நீங்கள்தான். பந்தாட்டம்: சைபருக்கு ஐந்து. சின்னப் பெண்: நாற்பத்தொரு நிமிடம், முதல் கதவுக்கு முன்னாலேயே நின்றிருக்கிறீர்கள். திறக்கவே இல்லை. கார் ஆட்டத்தை நாலு நாள் நாலு தடவை திறந்து, புறப்படுவதற்கு முன்னாலேயே அணைத்திருக்கிறீர்கள்.

இன்னொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். மாமா அப்படித்தான், நமக்குத் தெரியாததா என்று. இப்போது சிரிப்பு வரவில்லை. அந்த மொட்டை மாடி ரொம்ப நன்றாக இருந்தது. துண்டை நீட்டுகிற இடத்தை இரண்டு தடவை படித்தேன். என் இழுப்பறையில் இருக்கிற மூன்று வரி மாதிரியே நன்றாக இருந்தது.

அதனால் கேட்கிறேன். அன்றைக்கு அந்த அறையில் நீங்கள் இருந்தீர்களா?

மருமகள்


ஏப்ரல் 11

மருமகளுக்கு,

வேவு பார்க்கிற பெட்டியை மாமா வீட்டுக்கே அனுப்பிவைத்திருக்கிறாய். நன்றாக இருக்கிறது படிப்பு. லிஃப்டில் கேமரா வைக்கப் போகிறோம் என்று மேனேஜர் சொன்னபோது, "எனக்கு மேலே ஒரு கண்ணா" என்று ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கிளம்பினவன் நான். ஏழு மாடியும் இறங்கி வந்து கெஞ்சினார்கள். நீ என்னவென்றால் கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு நான் எத்தனை தடவை செத்தேன் என்று எண்ணியிருக்கிறாய்.

இருந்தீர்களா என்று கேட்கிறாய். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தது யார்? மருந்துச் சீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினது யார்? படுக்கையை மாற்றுவதற்கு ஆள் இல்லாமல் நானும் உன் அத்தையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோமே, அது எந்தப் பெட்டியில் பதிவாகியிருக்கிறது? நீ எங்கே இருந்தாய்?

சரி, நடுவிலே கொஞ்ச நேரம் கீழே போயிருப்பேன். மனுஷன் ஒரு டீ குடிக்க மாட்டானா? அந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தை கூட இருந்தால்தான் என்ன, குறைய இருந்தால்தான் என்ன? நீ அங்கே தனியாகக் கிடந்து தலையிலே அடித்துக்கொள்ளப் போகிறாயே என்று உட்கார்ந்து எழுதினேன். மூன்று வருஷம் நிம்மதியாகத் தூங்கினாயா இல்லையா? அதைச் சொல்லு முதலில்.

பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். வயரும் உள்ளேயே இருக்கிறது.

மாமா


ஏப்ரல் 25

மாமாவுக்கு,

பெட்டி வந்து சேர்ந்தது.

ஒன்பது நாளும் நீங்களும் அத்தையும்தான் பார்த்துக்கொண்டீர்கள். அதை நான் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன். நான் எங்கே இருந்தேன் என்று கேட்டிருக்கிறீர்கள். போனில் இருந்தேன். தினமும் கூப்பிட்டேன். தினமும், "இன்னும் நாலு நாள்ல வீட்டுக்கு வந்துருவா, நர்ஸையே அதட்டிட்டிருக்கா, புது வேலையில நீ லீவு கீவு கேட்டுவைக்காத" என்றீர்கள். நான் கேட்கவில்லை.

நடுவில் கீழே போனதைப் பற்றி எனக்கு ஒன்றும் வேண்டாம். ஒன்றே ஒன்றுதான். அந்த மூன்று வரியை அம்மா சொன்னாளா? ஒரு வார்த்தையில் எழுதுங்கள். டாக்டர் வேண்டாம், நர்ஸ் வேண்டாம், விளக்கு வேண்டாம்.

ஆமாம் என்று எழுதினால் நம்பிவிடுவேன். அப்புறம் எப்போதும் கேட்கமாட்டேன். எனக்கு நம்பத்தான் ஆசை.

மருமகள்


மே 10

குட்டிக்கு,

சொல்லவில்லை.

ஆமாம் என்று இரண்டு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். நம்பிவிடுவேன் என்று எழுதியிருக்கிறாயே, அதனால் கிழித்தேன். மீதியையும் இன்றைக்கே எழுதிவிடுகிறேன். நாளைக்கு விட்டால் இதற்கும் ஒரு ஜோடனை செய்துவிடுவேன்.

அன்றைக்குக் காலையில் டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, "இன்னைக்குத் தாண்டாது. சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க" என்றார். அந்த நடைவழியிலேயே நின்று உனக்குப் போன் செய்தேன். நீ "அம்மா எப்படி இருக்கா" என்று கேட்டாய். "நல்லா இருக்கா" என்று வாய் சொல்லிவிட்டது. எட்டு நாள் அப்படிச் சொன்ன பிறகு ஒன்பதாம் நாள் எப்படி மாற்றிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

உள்ளே போனேன். ராத்திரி கண்விழித்த உன் அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். அக்கா, "அவளுக்குச் சொல்லிட்டியா?" என்று கேட்டாள். "சொல்லிட்டேன். நேத்தே கெளம்பிட்டா. மத்தியானம் வந்துருவா" என்றேன். அவள் முகம் தெளிந்தது. தலையணையை உயர்த்தி வைக்கச் சொன்னாள், கதவு தெரிகிற மாதிரி. தலையைச் சீவிவிடச் சொன்னாள். எனக்குச் சீவத் தெரியாது. ஏதோ செய்தேன்.

அதற்கப்புறம் கதவை யார் திறந்தாலும் பார்த்தாள். தரை துடைக்க வந்தவளைப் பார்த்தாள். அறை மாறி வந்த யாரோ ஒருத்தரைப் பார்த்தாள். மத்தியானம் ஆனது. "எங்க வந்துட்டிருக்காளாம்?" என்றாள். "பக்கத்துல வந்துட்டா" என்றேன். ஒரு மணிக்குக் கேட்டாள். இரண்டு மணிக்குக் கேட்டாள். எனக்கு அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. "நான் போய்க் கூட்டிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன்.

எதிர்ச் சாரியில் ஒரு வீடியோ கேம் கடை. உள்ளே ஏ.சி. போட்டிருந்தார்கள். ஸ்டியரிங் வைத்து உட்கார்ந்து ஓட்டுகிற கார். இரண்டரை மணி நேரம் ஓட்டினேன். கடைசி ஓட்டத்தில் முதலாவதாக வந்தேன். நிஜமாகவே வந்தேன். பின்னால் நின்ற காலேஜ் பிள்ளைகள், "செம கை அங்கிள்" என்று கைதட்டினார்கள். நான் ஜோடிக்காமல் சொல்லிக்கொள்ளக்கூடியது என் ஆயுசில் அது ஒன்றுதான். உன் அத்தையிடம்கூட இதுவரை சொன்னதில்லை. உன் பெட்டியில் அந்த ஆட்டத்தைத் திறந்தால் கார் உறுமுகிற சத்தம் முதலில் வருகிறது. அதற்குமேல் முடியவில்லை.

மேலே வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். நர்ஸ் என்னைக் கண்டதும் வந்து, "பொண்ணு வந்துட்டாங்களா? கடைசிவரைக்கும் கேட்டுட்டே இருந்தாங்க" என்றாள்.

"வந்துட்டா, மேல வந்துட்டிருக்கா" என்றேன்.

மாமா